டவுட் கவுண்டரில் ஒரு அம்மா

இல்ல சார், டோக்கன் என்னோடதுதான். நாப்பத்திரண்டு, பாருங்க. ஸ்டூடண்ட் கிளாஸ்ல இருக்கா, மூணாவது மாடியில, எஸ்.கே. சாரோட கெமிஸ்ட்ரி. நாலு மணிக்கு விடுவாங்க, அதுக்குள்ள நான் கேட்டு முடிச்சாகணும். பேரன்ட்ஸ் டவுட் கேக்கக் கூடாதுன்னு எங்கயாவது போர்டு போட்டிருக்கா? இல்லையே. அப்ப உக்காந்துக்கறேன்.

பின்னாடி வரிசையில நிக்கிற பிள்ளைங்க முறைச்சா முறைக்கட்டும். என்ட்ரன்ஸ் கோச்சிங்காலயே பிழைக்கிற இந்தக் கோட்டா ஊரே அதுங்களுக்கு ஒதுங்கி வழி விடுது, எனக்குப் பத்து நிமிஷம் அதுங்க விடட்டும். ஏ பொண்ணு, என் தோள் மேல மூச்சு விடாதம்மா. தள்ளி நில்லு. அந்தச் சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

நான் விபா நிகம். ருசிராவோட அம்மா. ருசிரா நிகம், தெரியலையா? கண்ணாடி போட்டிருப்பா, ஒல்லியா... சரி, விடுங்க. இங்க எல்லாமே கண்ணாடிதான், எல்லாமே ஒல்லிதான். தீபாவளி வரைக்கும் முதல் பேட்ச்ல இருந்தா. இப்ப ஆறாவது. ஞாயித்துக்கிழமை டெஸ்ட், திங்கக்கிழமை காலையில என் போனுக்கு ரேங்க், செவ்வாய்க்கிழமை புது பேட்ச் லிஸ்ட். காய்கறி மார்க்கெட்ல தக்காளியைக்கூட இத்தனை தடவை தரம் பிரிக்க மாட்டாங்க சார். உங்களைச் சொல்லலை. நீங்க என்ன, சம்பளத்துக்கு உக்காந்து டவுட் தீர்க்கற பையன். வயசு இருபத்து மூணு இருக்குமா? உங்கம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும்.

தண்ணியெல்லாம் வேண்டாம். சுத்தி வளைக்காம சொல்லிடறேன். என் பொண்ணை நினைச்சுப் பயந்து வந்திருக்கேன். ஆனா முதல்ல கணக்கைக் கேட்டுடறேன். கணக்குக்கு நீங்க நல்லபடியா பதில் சொல்லிட்டீங்கன்னா மத்தது தேவையே படாது. எழுந்து வீட்டுக்குப் போய் டீ போட்டுக் குடிப்பேன்.

எனக்கு பிசிக்ஸ் எப்படித் தெரியும்னு பாக்கறீங்க. தெரியாதுதான். ஜபல்பூர்ல கான்வென்ட்ல படிச்சேன். இங்கிலீஷ், தையல், வாயை மூடிக்கிட்டு மெல்றது, இது மூணையும் நல்லா சொல்லிக் குடுத்தாங்க. பிசிக்ஸ் பக்கமே போகலை. இங்க வந்தப்புறம்தான் கத்துக்கிட்டேன். வீட்டுக்காரர் எங்க ஊர் தேவாஸ்லயே இருந்துட்டார். வெளியில இருந்து விசை படாத வரைக்கும் கிடக்கறது கிடந்தபடியே கிடக்கும்னு ஒரு விதி இருக்கே, அதைப் படிச்சதும் எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. பதினேழு வருஷமா அதோடதானே குடும்பம் நடத்தறேன். புரியாதது வேற ஒண்ணு. சுமையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நாள் முழுக்க நின்னாலும், அது நகரலைன்னா செஞ்ச வேலை சைபராமே? எந்த ஆம்பளை கண்டுபிடிச்சது சார் அது? அடுப்படியில ஒரு நாள் நின்னு பாத்தானா?

சிரிக்காதீங்க. சிரிச்சா நானும் சிரிச்சுடுவேன், அப்புறம் அழுகை வந்துடும்.

சாப்பாட்டு நேரத்துல அவளைக் கேள்வி கேக்கறது எங்க வழக்கம். இங்க எல்லா அம்மாவும் செய்யறதுதான், நீங்களும் பாத்திருப்பீங்க. ஒரு ரொட்டிக்கு ஒரு சூத்திரம். முதல் ரொட்டிக்கு வி சமம் யூ பிளஸ் ஏடி. ரெண்டாவதுக்கு எஸ் சமம் யூடி பிளஸ் அரை ஏடி ஸ்கொயர். மூணாவதுக்கு வி ஸ்கொயர். சொல்லி முடிச்சாத்தான் தட்டுல விழும். ஆரம்பத்துல அவளுக்கும் அது விளையாட்டா இருந்தது. மம்மி, இந்த ரொட்டிக்கு ஆரம் சரியில்லை, திருப்பி அனுப்பறேன்னு வம்பு பண்ணுவா. வாய் மட்டும் என்னை மாதிரியே.

இப்ப? உக்காந்ததும் மூணையும் ஒரே மூச்சுல ஒப்பிச்சுடறா. நான் கேக்கறதுக்கு முன்னாடியே. ஒப்பிச்சுட்டு ஒரு ரொட்டியோட எழுந்து போயிடறா. மூணு சூத்திரம் சொன்னியே, மூணு ரொட்டி சாப்பிடுடீன்னா, வேண்டாம் மம்மி, நீங்க கேட்டது கிடைச்சுடுச்சுல்லங்கறா. கோவமா சொன்னாலும் பரவாயில்லை. நல்ல பிள்ளையா சொல்றா.

தூக்கமா? தூங்கறா. அதான் இன்னும் பயம். முதல் பேட்ச்ல இருந்தவரைக்கும் ராத்திரியெல்லாம் புரண்டுக்கிட்டு இருப்பா. இந்த ஒரு வாரமா அடிச்சுப் போட்ட மாதிரித் தூக்கம். எதையோ முடிவு பண்ணிட்டவ மாதிரி. மேஜையைத் துடைச்சு வச்சிருக்கா. கடன் வாங்கின மாட்யூல் புக்கையெல்லாம் அவங்கவங்க ரூமுக்குப் போய்த் திருப்பிக் குடுத்துட்டு வந்தா. நான் என்ன பண்ணேன்? அப்பாடா, பொண்ணுக்குப் பொறுப்பு வந்துடுச்சுன்னு தேவாஸுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

மணி என்ன? மூணு இருபதா? சரி.

இந்தாங்க நோட்டு. இந்தப் பக்கம். மேல ரெண்டும் உங்க மாட்யூல் கணக்கு, கேள்வி நம்பரெல்லாம் போட்டிருக்கா. நீங்க பாக்க வேண்டியது கீழ இருக்கற இது. இதுக்கு நம்பர் இல்லை. உயரம் குடுத்து நேரம் கண்டுபிடிக்கறது. ஆரம்ப வேகம் சைபர். இந்தக் கணக்கு உங்க மாட்யூல்ல இருக்கா, சொல்லுங்க. இருக்குன்னு சொல்லுங்க. போன வருஷப் புத்தகத்துல இருந்தாலும் சரி, எந்த ஸ்டேட் பரீட்சையிலயாவது வந்திருந்தாலும் சரி. உங்க கம்ப்யூட்டர்ல தேடிப் பாருங்களேன், எனக்கு அவசரம் ஒண்ணுமில்லை. அவசரம் இருக்கு, ஆனா நீங்க தேடுங்க.

நானே என்ன நினைச்சேன்னு சொல்றேன். இந்தக் கணக்குல உயரம் எப்பவும் அழகா இருக்கும். இருபது மீட்டர், நாப்பத்தஞ்சு மீட்டர், எண்பது மீட்டர். ஜீக்குப் பத்து போட்டா ரெண்டு செகண்ட், மூணு செகண்ட், நாலு செகண்ட்னு சுத்தமா விழும். ஒரு வருஷம் ரொட்டி போட்டவளுக்கே அது தெரியும். இதுல பாருங்க. பதினாறு புள்ளி நாலு. இப்படி ஒரு நம்பரை எந்த சார் குடுப்பார்? பக்கத்துல அவ எப்படிக் கொண்டு வந்திருக்கான்னு பாருங்க. புள்ளி ஒண்ணு ஏழு, பெருக்கல் பதினெட்டு, பெருக்கல் அஞ்சு. அதோட ஒண்ணு புள்ளி ஒண்ணு.

இல்லையா? எதுலயுமே இல்லையா? இன்னொரு தடவை...

சரி.

இன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டுட்டு அவ கிளாஸுக்குக் கிளம்பினதும் நான் காய் வாங்கப் போனேன். சுரைக்காயும் உருளைக்கிழங்கும் பையில. எங்க கட்டடத்துல லிஃப்ட் கிடையாது, எனக்கு முட்டி வலி வேற. வலி தெரியாம இருக்க ஒவ்வொரு படியா எண்ணிக்கிட்டே ஏறினேன். முதல் மாடிக்குப் பதினெட்டு. ரெண்டாவதுக்கும் பதினெட்டு. அங்கயே நின்னுட்டேன் சார். பையை அப்படியே போட்டுட்டேன், உருளைக்கிழங்கு உருண்டு கீழ போச்சு. அவ மறந்துட்டுப் போன இந்த நோட்டும் ஸ்கேலும் கைப்பையில இருந்தது, ஸ்கேலை எடுத்து ஒரு படியை அளந்தேன். பதினேழு சென்டிமீட்டர். அஞ்சு மாடிக் கட்டடம். அந்த ஒண்ணு புள்ளி ஒண்ணு என்னன்னு பாக்க மேல போகலை. மொட்டை மாடியில கைப்பிடிச் சுவர் ஒண்ணு இருக்கு. போய் அளக்க எனக்குத் தைரியம் வரலை. ஆட்டோ பிடிச்சு நேரா இங்க வந்துட்டேன்.

ஆமா, கூப்பிடுங்க. கவுன்சிலர் மேடத்தைக் கூப்பிடுங்க. யாரை வேணும்னாலும் கூப்பிடுங்க. ஆனா கிளாஸுக்குள்ள போய் எல்லார் முன்னாடியும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். அவ செத்தாலும்... பாருங்க, வாயில என்ன வருது. அவளுக்கு அவமானமாயிடும்னு சொல்ல வந்தேன். நீங்களும் இந்த ஊர்ல இந்த பெஞ்சுல உக்காந்து எழுந்தவர்தானே, எப்படிக் கூப்பிடணும்னு உங்களுக்குத் தெரியும். நான் கதவுக்கு வெளிய நிக்கறேன். அந்தக் கட்டடத்துக்கு அவ இனிமே போக மாட்டா. ஸ்டேஷன் பக்கத்துல என் மாமா பொண்ணு இருக்கா, அங்க போயிடுவோம். அவ அப்பா கிளம்பிட்டார். ஆமா, ஒரு வழியா விசை பட்டுடுச்சு.

எது? இந்தச் சிவப்பு மையா?

இல்லை, அது எந்த சாரும் போட்டதில்லை. அவ ரூட் எடுக்க மறந்துட்டா. ரெண்டு எஸ் பை ஜீன்னு வந்ததை அப்படியே விடையா எழுதிட்டா, மூணு புள்ளி ரெண்டு எட்டுன்னு. செவ்வாய்க்கிழமை ராத்திரி நோட்டுப் பாத்தப்ப நான்தான் திருத்தினேன். ரூட் எங்கடி, இந்த மாதிரிக் கவனக்குறைவாலதான் நீ ஆறாவது பேட்ச்ல கிடக்கறேன்னு எழுதி, சரியான விடையை நானே பக்கத்துல போட்டுக் குடுத்தேன். ஒண்ணு புள்ளி எட்டு செகண்ட். வாங்கிப் பாத்துட்டு, தேங்க்ஸ் மம்மின்னு சொன்னா.