மைக்கில் கூப்பிட்ட பெயர்

தார் ரோட்டைக் கூட்டப் புதுச் சீமாறு ஆகாது ஐயா. அதன் நுனி வளைந்து பொடி ஜல்லியின் மேல் தாவிப் போய்விடும். நுனி தேய்ந்து கட்டையாகிப் போன பழைய சீமாறுதான் ஒவ்வொரு கல்லையும் நெம்பி எடுக்கும். ரோட்டு வேலைக்கு வந்த நாள் முதல் நான் காசு கொடுத்துச் சீமாறு வாங்கியதில்லை. பிறர் கழித்துப் போட்டதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

நான் சொல்லச் சொல்ல ஏட்டையா எழுதட்டும் என்றீர்கள். நானே எழுதுகிறேன் என்றேன். எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. தமிழ் எழுத்தும் தலை நரைத்த பிறகு கற்றதுதான். படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது என்றீர்கள், நல்லது. உட்கார்ந்து எழுத முடியவில்லை. கால் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. ஜன்னல் கட்டையில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், கொஞ்சம் நடக்கிறேன், மறுபடி வந்து எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் கெம்பையன். ஹனூர் பக்கம் ராமாபுரம். தார் போடும் வேலைக்கு மைசூர் வந்து இங்கேயே தங்கிவிட்டோம். எங்களுக்கு ஒரே மகன். என் அப்பா பெயரை அவனுக்கு வைத்தோம், ஜடையன் என்று. எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது. அதனால் என் வீட்டுக்காரி பூவாத்தாள் அவனைச் 'சாமி' என்றே கூப்பிட்டாள். பெற்ற அப்பன் பெயரைச் சொல்லி அதட்ட எனக்கும் வாய் கூசும். 'இவனே' என்பேன். பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி ஓட்ட ஆரம்பித்த பிறகு சேக்காளிகள் அவனை 'யெஸ்டி' என்றே கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தை விட்டதோடு ஜடையன் என்ற பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்போது அது எனக்குக் குறையாகப் படவில்லை.

ஊருக்கு வெளியே மனை பிரித்து, ரோடு போட்டு, வீடு வராமல் கிடக்கும் லேஅவுட்டை உங்களுக்குத் தெரியும். அங்கேதான் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும். அந்த ரோட்டில் பாதி நான் போட்டது. தொண்ணூற்றிரண்டில் ஜடையன் அங்கே, வாய்க்கால் பாலத்தை ஒட்டிய மோரி வளைவில் விழுந்தான். ரோட்டில் குறை இல்லை. வேகம்தான். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

மறு வருஷம் பந்தயக் கமிட்டிச் செயலாளர் ரவிக்குமார் எங்களைக் கூட்டி வரச் சொன்னார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், நல்ல மனுஷர். பெரிய பந்தயத்துக்கு ஒரு வெள்ளிக் கோப்பை செய்து அதற்கு என் மகன் பெயரை வைத்திருந்தார்கள். பந்தயத்துக்கு ரோட்டைக் கூட்டிக் கொடுப்பது என் வேலை, அன்றைக்கும் நான் வளைவைக் கூட்டத்தான் போயிருந்தேன். மைக்கில் 'ஜடையன் நினைவுக் கோப்பை' என்றார்கள். சீமாறு கையிலிருந்து விழுந்துவிட்டது. அந்தப் பெயரை அவ்வளவு சத்தமாக நான் கேட்டதே இல்லை. வெட்டவெளி, மறிக்க ஒரு வீடு இல்லை. தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பந்தயம் தொடங்கும்போது சொன்னார்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் சொன்னார்கள், கோப்பையைக் கொடுக்கும்போது சொன்னார்கள். அன்று இரவு நான் அடித்துப் போட்டது போல் தூங்கினேன்.

கோப்பையில் பெயர் இங்கிலீஷிலும் கன்னடத்திலும் வெட்டியிருந்தது. தமிழிலும் ஒரு வரி வேண்டும் என்று கேட்டேன். ரவிக்குமார் சிரித்துவிட்டு அடியில் வெட்டிக் கொடுத்தார். அந்த வரியைப் படிக்கத்தான் எழுத்துக் கற்றேன். பூவாத்தாள் ஊரில் அஞ்சாவது வரை படித்தவள். அவள்தான் கற்றுக் கொடுத்தாள். 'ஜ' எழுதிக் காட்டினாள், 'டை' எழுதிக் காட்டினாள். சேர்த்து வாசிக்கும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். ஏட்டையா முறைக்கிறார்.

என் மகன் கோப்பைக்கு முன்னால் அங்கே இன்னொரு கோப்பை இருந்தது ஐயா. ரத்தினசாமி நினைவுக் கோப்பை. ரத்தினசாமி ஒரு மெக்கானிக், அவனும் பந்தயத்தில் போனவன்தான். கமிட்டியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே ஆள் மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்துவிட்டால் கோப்பை அவனுக்கே சொந்தம், திருப்பித் தர வேண்டாம். எல்லா ஊரிலும் அப்படித்தானாம். பெங்களூர்க்காரர் ஒருவர் மூன்று வருஷம் ஜெயித்து அதைக் கொண்டுபோய்விட்டார். அவர் வீட்டில் அதற்குள் சீப்பும் டார்ச் செல்லும் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அதோடு மைக்கில் அந்தப் பெயர் நின்றுபோயிற்று. வேலைக்கு வரும் பையன்களிடம் ரத்தினசாமி யார் என்று கேட்டுப் பார்த்தேன். கட்சிக்காரரா என்றான் ஒருவன்.

ஜடையன் கோப்பையைத் தொண்ணூற்று நாலில் ஜெயித்தவன் நஞ்சுண்டசாமி. நஞ்சன்கூடு ஆள், மில் வேலை. தொண்ணூற்றைந்திலும் அவனே ஜெயித்தான். அவன் மேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தடவை ஜெயித்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோப்பையைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். சாமி படத்துக்குப் பக்கத்தில் மகன் போட்டோ இருக்கும், அதன் முன்னால் வைத்துக் கும்பிட்டான். களியும் கோழிக் குழம்பும் சாப்பிட்டான். பூவாத்தாள் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். "நஞ்சுண்டா, இன்னொரு உருண்டை வெச்சுக்க. மில்லுல என்னத்தப் போடறாங்க உனக்கு, நூலாட்ட இருக்கற" என்றாள். "தடிச்சா வண்டி ஓடாதும்மா, உங்க களி தின்னா நான் லாரிதான் ஓட்டணும்" என்றான் அவன். அவள் சிரித்தாள். அவன் போன பிறகும் நஞ்சுண்டன் இப்படிச் சொன்னான், நஞ்சுண்டன் அப்படிச் சொன்னான் என்று அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்குள் ஒரு ஆண்பிள்ளையின் பெயர் அவ்வளவு தடவை கேட்டது அன்றைக்குத்தான்.

அன்று பூவாத்தாள் அவனிடம் மோரி வளைவைப் பற்றிக் கேட்டாள். தன் மகன் எங்கே தப்புச் செய்தான் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவன் சொம்பில் விரலை நனைத்துத் தரையில் வளைவை வரைந்து காட்டினான். எல்லோரும் நடு ரோட்டில் திரும்புவார்கள், நான் மட்டும் மோரிப் பக்கத்து ஓரத்தை ஒட்டிப் போய்த் திரும்புவேன், அங்கேதான் முந்துவேன் என்றான். வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை என்றும் சொன்னான். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து போகும்போது அவன் ஒரு வார்த்தை கொடுத்தான். அடுத்த வருஷமும் ஜெயித்தால் கோப்பை தனக்கே சொந்தமாகிவிடும், அன்றைக்கே கொண்டுவந்து இந்தப் போட்டோ முன்னால் வைத்துவிடுவேன், எப்போதும் இங்கேயே இருக்கட்டும் என்றான். பூவாத்தாள் அழுதாள்.

நான், "அப்ப மைக்குல?" என்று கேட்டேன்.

அவனுக்குப் புரியவில்லை. "பேரு கப்புலயே இருக்குமே, யஜமானரே" என்றான்.

ரவிக்குமாரிடம் போய்க் கேட்டேன். இந்தக் கோப்பை போனால் அதே பெயரில் இன்னொன்று செய்வீர்களா என்று. அடுத்த கோப்பைக்கு ஒரு டயர் கடைக்காரர் கேட்டிருக்கிறார், கடை பெயர்தான் போட வேண்டியிருக்கும் என்றார். ஆயிரம் பேர் கேட்க வருஷத்தில் ஒரு நாள் சொல்லும் பெயர், எங்கள் வீட்டு அட்டாலிப் பலகையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நான் செய்தது இவ்வளவுதான். தொண்ணூற்றாறு பந்தயத்தன்று மோரி வளைவை நான் கூட்டவில்லை.

அதாவது, காலையில் கூட்டினேன். சுத்தமாகவே கூட்டினேன். கமிட்டிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சின்னப் பந்தயங்கள் எல்லாம் அதில்தான் நடந்தன, ஒருவரும் விழவில்லை. சாப்பாட்டு நேரத்தில், கூட்டி எடுத்த பொடி ஜல்லியை ஒரு கூடை, ஓரத்தில் மட்டும் தூவினேன். நடு ரோட்டில் ஒரு கல் கிடையாது. வேறு யாருக்கும் காயம் படக் கூடாது என்று அவ்வளவு பார்த்துச் செய்தேன். அவன் விழ வேண்டும், அந்த ஒரு வருஷம் ஜெயிக்காமல் போக வேண்டும். அதற்கு மேல் எனக்கு எண்ணமில்லை.

மோரிச் சுவரை மறைத்து வைக்கோல் கட்டு அடுக்கியிருந்தார்கள், விழுந்தால் அடிபடாமல் இருக்க. அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன். வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் உட்காரட்டும் என்று கட்டுகளை அந்தப் பக்கம் தூக்கிப் போட்டேன். எல்லாக் கட்டையும்தான்.

பெரிய பந்தயத்தின் முதல் சுற்றில் அவன்தான் முன்னால் வந்தான். மைக்கில் ஜடையன் நினைவுக் கோப்பை, நஞ்சுண்டசாமி முன்னணி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தை ஒட்டித்தான் வந்தான்.

நான்தான் முதலில் ஓடினேன். சுவர் ஓரமாகக் கிடந்தான். தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். என்னை அடையாளம் தெரிந்தது. "யஜமானரே, அல்லி கல்லு இத்து" என்றான். அங்கே கல் இருந்தது என்று கன்னடத்தில். பிறகு தமிழில், "கூட்டி விடுங்க, பின்னாடி வர்றவங்க விழுவாங்க" என்றான். சொன்ன வார்த்தையைத் தட்டக் கூடாது என்று அவனைப் பையன்களிடம் கொடுத்துவிட்டுப் போய்க் கூட்டினேன். பழைய சீமாறு, ஒரு கல் விடாமல் எடுத்தது. நீங்கள் ஜீப்பில் வந்து பார்த்தபோது ரோடு கண்ணாடி மாதிரி இருந்தது. நான் எதையும் மறைக்கவில்லை, அவன் சொன்னதால் கூட்டினேன்.

மரணத்துக்கு ஆளின் வேகமே காரணம் என்று நீங்கள் எழுதினீர்கள். வாலிபர்கள் கண்மூடி ஓட்டுகிறார்கள், இனிமேல் அந்த ரோட்டில் பந்தயத்துக்கு அனுமதி இல்லை என்றும் எழுதினீர்கள். இந்த வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை லேஅவுட்டுக்குப் போனேன். ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. மைக் இல்லை. ரோட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அன்றிலிருந்துதான் கால் இப்படி. கோப்பை ரவிக்குமார் கடைக் கண்ணாடி அலமாரியில் செயின் டப்பாக்களுக்கு நடுவில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அடி வரியைப் படித்துவிட்டு வருகிறேன். வாய்க்குள் படித்தால் அது பெயர் மாதிரி இல்லை ஐயா.

அதற்காகத்தான் நானாக வந்தேன். வேகம் காரணமில்லை. பந்தயத்தின் பேரில் குற்றமில்லை. கல்லைத் தூவியது நான், வைக்கோலை எடுத்தது நான். இது தெரிந்துவிட்டால் அனுமதி மறுக்கக் காரணம் இல்லை. என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். அடுத்த வருஷம் பந்தயம் நடக்கட்டும். ஜெயில் எந்தப் பக்கம் இருக்கிறது, மைக் அங்கே வரைக்கும் கேட்குமா என்று தெரியவில்லை.

இங்கே வருவதற்கு முன்னால் பூவாத்தாளிடம் எல்லாம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஜடையன் தானா விழுந்தானுங்க. நஞ்சுண்டன நீங்க கொன்னீங்க. ஜடையன் இருந்திருந்தா உங்க மூஞ்சியில முழிக்க மாட்டான்" என்றாள்.

மாமனார் பெயரை அவள் வாயால் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். இரண்டு தடவை, மைக் இல்லாமலே கணீரென்று சொன்னாள். இன்னொரு தடவை சொல் என்று கேட்டேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளையும் கூப்பிட்டு விசாரியுங்கள் ஐயா. இந்தப் பெயரை அவள் வீட்டுக்குள் முன்பே சொல்லியிருந்தால், நஞ்சுண்டசாமி இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான்.