மூச்சுக்குக் காத்திருந்த பேஸ்

இந்த நினைவேந்தல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் இசை நண்பர்கள் மன்றத் தலைவர் வேலுச்சாமி ஐயா அவர்களே, மேடையில் உள்ள பெரியவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செல்வலட்சுமி அண்ணி அவர்களே, சிவகாசியிலிருந்து ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருக்கும் அச்சகத் தோழர்களே, வணக்கம். கைக்குழந்தையைப் பின்வரிசையில் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பேச்சு நடுவே என் கண் அங்கே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் 'பேஸ்' சங்கிலிமுத்து அண்ணன் மஞ்சள் காமாலை என்று படுத்தார். எழுந்திருக்கவில்லை. பகலெல்லாம் அச்சகத்தில் காலண்டர் ஓட்டிய கை, அந்த மையைக் கழுவிவிட்டு வந்து கணினியில் ராப் பாட்டுக்கு இசை கோத்தது என்று சொன்னால் எத்தனை பேர் நம்புவார்கள்? அவர் இசை கோத்த இடம், இருக்கன்குடி ஆடித் திருவிழாவுக்கு ஆட்டோ விளம்பரம் பதிவு செய்கிற சின்ன அறை. அங்கேதான் நம் குழுவின் பாட்டுகள் பிறந்தன. நான் எழுதிப் பாடுவேன், பெத்தணன் டிரம் வைப்பான், பாட்டுக்கு அடியில் உறுமுகிற அந்தக் கனத்த பேஸ் ஒலியை அண்ணன் வைப்பார்.

கணினித் திரையில் மவுஸால் கட்டம் கட்டமாகச் சுரத்தை வைத்தால் என்ன வரும்? எல்லாச் சுரமும் ஒரே பலம், ஒரே நீளம். தையல் மெஷின் ஓடுவது போல இருக்கும். அண்ணன் அதோடு விடமாட்டார். ஒரு சுரத்தை அழுத்துவார், அடுத்ததைத் தணிப்பார். ஒன்றை வெட்டிக் குட்டையாக்குவார். இன்னொன்றை டிரம் அடிக்கு ஒரு நூலிழை பிந்தி நகர்த்துவார். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகவிடுவார். "மெஷின்தான் வாசிக்கி. ஆனா மெஷின் வாசிக்கின்னு எவனுக்கும் தெரியக் கூடாதுலே" என்பார் பெத்தணனிடம்.

நான் எழுதிய 'சீசன்' பாட்டில் ஒரு வரி வரும்: வெள்ளிப்பொடி கழுவுன கையில சோறு. பட்டாசுக் கம்பெனியில் வெள்ளிப்பொடி மருந்தோடு வேலை பார்க்கும் அக்காமார்களைப் பற்றிய வரி. 'சோறு' வருகிற இடத்தில் அண்ணன் பேஸை எடுத்துவிட்டார். ஏன் என்றேன். "சோறுன்னு சொல்றப்ப கீழ எதுவும் உறுமக் கூடாது தாயி" என்றார்.

அந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது எழில் என் வயிற்றில் இருந்தாள். பேஸ் அதிர்வு பிள்ளையைப் பாதிக்குமோ என்று நான் கேட்காத நாள் இல்லை. "பெறக்கும்போதே தலைய ஆட்டிக்கிட்டு வரும்க்கா" என்று பெத்தணன் கேலி செய்தான். அண்ணன் சிரிக்கவில்லை. ஸ்பீக்கரைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, தான் மட்டும் ஹெட்போன் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்.

மாதம் ஏற ஏற எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு வரியை முடிக்க முடியாமல், "வேற யாரையாச்சும் பாட வைங்கண்ணே" என்று அழுதுவிட்டேன்.

"நீ மெதுவா மூச்சு வாங்கு சுந்தரி. பேஸு நின்னு வரும்" என்றார்.

சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அண்ணன் போன பிறகு அந்தப் பாட்டை முடித்து இன்று உங்கள் முன் ஒலிக்கவைக்கத் தீர்மானித்தோம். கம்ப்யூட்டர் படித்தவள் என்று பொறுப்பை என்னிடம் தந்தார்கள். திறந்து பார்த்தேன். பேஸ் சுரங்களில் பல, தாளக் கட்டத்தின் கோட்டில் இல்லை. கட்டத்தின் நடுவே அங்கங்கே விலகி நின்றன. உடம்பு முடியாமல் அரைகுறையாக விட்டிருக்கிறார் என்று நானே முடிவுகட்டினேன். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து, ஒரே கட்டளையில் கோட்டில் நிறுத்தினேன். பலத்தையும் சமமாக்கினேன். அதே பெயரில் சேமித்தேன். வேறு பிரதி கிடையாது.

இன்று காலை இந்த மண்டபத்தில் ஸ்பீக்கரைச் சோதித்தபோது பெத்தணன் பாட்டை நிறுத்தினான்.

"யக்கா, பேஸு ஏன் இப்பிடி லெப்ட் ரைட் போடுது?"

"கோணலா இருந்துச்சுடா. நேராக்கினேன்."

"கோணலா? அம்புட்டும் ஒனக்காண்டி நின்ன எடம்க்கா. ஒன் மூச்சக் கேட்டுக் கேட்டு நகத்துனாரு. ஒங்கிட்ட சொன்னா வெசனப்படுவேன்னு சொல்லல."

மேடையில் இருக்கும் பெரியவர்களே, இதை உங்களிடம் எப்படிச் சொல்வது? எனக்காகக் காத்துநின்ற ஒரு மனிதரின் பொறுமையைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டேன். செல்வலட்சுமி அண்ணி, உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மன்னித்தேன் என்று இப்போதே சொல்லிவிடாதீர்கள். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

இந்தப் பேச்சு முடிந்ததும் பாட்டு ஒலிக்கும் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. கூட்டம் முடிந்து போகும்போது உங்கள் கையில் சி.டி. தருவதாகவும் அறிவித்திருந்தோம். அந்த சி.டி. யாருக்கும் தரப்படாது. ஐயாவிடம் பேசிவிட்டேன்.

என் குரல் பதிவில் நான் திணறிய மூச்சு அப்படியே இருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டு, நானும் பெத்தணனும் ஒவ்வொரு சுரமாக நகர்த்துவோம், அழுத்துவோம், தணிப்போம். அண்ணன் வைத்த இடத்திலேயே வந்து நிற்குமா? நிற்காது. ஆனாலும் செய்வோம். இனி எங்கள் குழுவில் எந்தப் பாட்டிலும் பாடுகிறவரின் மூச்சைக் கேட்காமல் பேஸ் வைக்கமாட்டோம். இந்தச் சபை சாட்சியாக இதைச் சொல்கிறேன்.

இன்று மட்டும் ஓர் அனுமதி வேண்டும். அண்ணனுடையது இல்லாத ஒன்றை அவர் பெயரால் நீங்கள் கேட்க வேண்டாம். என் குரலும் டிரம்மும் போதும். நான் மூச்சு வாங்குகிற இடங்களில் கீழே ஒன்றும் இருக்காது. அங்கேயெல்லாம் அவர் இருந்தார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பெத்தணா, பேஸை எடுத்துவிட்டுப் பாட்டைப் போடு.