பின்னால் கூப்பிட்டவள்

தேத்தண்ணி ஆறிவிடும், முதலில் குடியுங்கள். வெளிக்கிட்டுப் போகிறவரைப் பின்னால் கூப்பிடக் கூடாது என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறீர்களாம். கண்டக்குழியில் அதற்குச் சரியான ஆள் நான்தான். மற்ற ஊர்களுக்கு எப்படி வந்ததோ, அல்லாஹ்தான் அறிவான். எங்கள் கரைக்குக் கொண்டுவந்தவர் என் வாப்பா.

வாப்பாவின் வள்ளம் ஒரு நாள் ஓட்டப்போன ஆளோடு கடலில் முழுகிவிட்டது. மையித்து வீட்டில் எல்லாரும் வள்ளத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்க, அவர் மெதுவாக, "போகக்குள்ள யாரும் பின்னால கூப்பிட்டீங்களா?" என்று கேட்டார். வெற்றிலைப் பையை மறந்துவிட்டான் என்று செத்தவனின் பெண்சாதி கூப்பிட்டிருந்தாள். அதோடு விசாரணை முடிந்தது. பிறகு வாப்பா என்னிடம் சொன்னார்: "வள்ளத்துப் பலக உக்கித்தான் கிடந்திச்சு. அதப் பொறகு ஒருத்தரும் கேக்கல்ல." எனக்குச் சிரிப்பு வந்தது, மறைப்பானேன்.

போன வருஷம் என்னுடைய பைபர் போட்டில், எஞ்சின் மாட்டும் இடத்துக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. ஒழுங்காகத் திருத்தப் பத்து நாள் கரையில் ஏற்ற வேண்டும். நல்ல மீன் படும் காலம். என் போட்டை ஓட்டிய றிம்ஸான் கைராசிக்காரன். பத்து நாளில் வேறு முதலாளியிடம் போய்விடுவான் என்று பயந்தேன். அதனால் வெடிப்பைப் புட்டிப் பசையால் அடைத்து, மேலே நீலப் பெயின்ட் பூசினேன். கருவாடு புரட்ட வந்த அவன் பெண்சாதி சிபானா, நான் அடைக்கும்போதே அந்த வெடிப்பைப் பார்த்துவிட்டாள்.

"முதலாளி, இதால தண்ணி வராதா?"

"வராது புள்ள. பழைய கீறல்."

அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. றிம்ஸான் அன்று பாலாவிக்குப் போயிருந்தான்; பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, தன் வீட்டுக்குப் போகாமல் நேரே என் வீட்டுக்குத்தான் வந்தான். எஞ்சினை நாங்கள் கரையில் விடுவதில்லை, என் வீட்டில்தான் கிடக்கும். அவன் அதைத் தோளில் தூக்க, நான் எண்ணெய்க் கானோடு கூடவே நடந்தேன். கடலுக்குக் கூடப் போகிற கூட்டாளிக்கு அன்று காய்ச்சல், அதனால் அவன் தனி ஆள். அப்போதுதான் வேலியோரமாக சிபானா ஓடி வந்தாள்.

"இஞ்ச, நில்லுங்க! ஒரு விஷயம் சொல்லணும்."

அவன் நடை தளர்ந்தது. என்ன விஷயம் என்று எனக்குத் தெரியும். அவன் முதுகில் கை வைத்தேன்.

"திரும்பாத தம்பி. தொழிலுக்குப் போறவன்."

"வந்து கேக்கிறன்" என்றான், திரும்பாமலே. அவளும் இந்த ஊர்ப் பிள்ளைதானே. கூப்பிட்ட வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள்.

வெடிப்பு இன்னும் இரண்டு கிழமை தாங்கும் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் அவனுடைய மையித்து தலவிலக் கரைப் பக்கம் ஒதுங்கியது. போட் கிடைக்கவே இல்லை. மையித்து வீட்டில் நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. வாப்பாவின் கேள்வியைத்தான் கேட்டேன். சிபானா வெடிப்பைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அழுதாள். பழியை முதலாளியின் தலையில் போடப் பார்க்கிறாள் என்றது ஊர். புருஷனுக்காக இருந்த நாலு மாசம் பத்து நாள் இத்தா முடிந்த கையோடு மாமியார் றஹ்மத் உம்மா, ஆறு வயதுப் பேத்தி ஸும்றாவைத் தன்னிடம் வைத்துக்கொண்டு அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டா.

போன வெள்ளிக்கிழமை சிபானா இங்கே வந்தாள். நீங்கள் இருக்கிற கதிரையைக் காட்டினேன், இருக்க மாட்டேன் என்றாள். ஆள் பாதியாகிவிட்டாள்.

"வெடிப்பப் பார்த்தேன்னு நினைச்சேன் முதலாளி. இப்ப எனக்கே சந்தேகம். நான் கூப்பிட்டதுதான் அவரக் கொண்டு போயிட்டு. உங்க மேல பழி சொன்னதுக்கு மாப்புத் தாங்க. மாமிக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, புள்ளயத் தரச் சொல்லி."

நான் ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளையைக் கொடுத்துவிடுவா. ஆனால் ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்பா. சொல்லப் போனால் வெடிப்பை மூடியதையும் சொல்ல வேண்டி வரும். அதனால் அந்தக் கதைக்கே நான் போகவில்லை. ஆனால் அவளை வெறுங்கையோடு அனுப்பவும் இல்லை. மாப்புக் கொடுத்தேன், மனசாரக் கொடுத்தேன். அவள் மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு கோபமும் இல்லை.