மொழிபெயர்க்க வந்த கணவர்

ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில் எஸ்-பான் ரயிலில் என் எதிரே இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள். மூத்தவர் ஒரு மகப்பேற்று மருத்துவரிடம் வேலை செய்கிறார் என்பது பேச்சில் தெரிந்தது.

“இண்டைக்கு ஒரு ஆம்பிளை ஏழு மாதக் கர்ப்பிணியா வந்தவர்.”

“என்னக்கா சொல்லுறீங்கள்?”

“பின்னை? சிரியாக்காரப் பெண் பக்கத்தில சும்மா இருக்கிறா. நித்திரை வருதோ எண்டு டொக்டர் கேக்க, நல்லா வருதாம் எண்டு புருசன் சொல்லுறார். அழுகை வருதோ எண்டால், இல்லையாம், சந்தோசமாம். மொழிபெயர்க்க வந்தவராம். ஆனா அவர் அவவிட்டைத் திரும்பி ஒரு கேள்வியும் கேக்கேல்லை.”

“அரபு ஆக்கள் அப்பிடித்தானே.”

“ஓமோம். உம்மட மனிசன் அண்டைக்கு எங்கட டொக்டரிட்டை, உமக்கு வாய் நோகக்கூடாதெண்டுதான் எல்லாத்துக்கும் பதில் சொன்னவர்.”

இளையவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பாமலே, “பிறகு?” என்றார்.

“அந்தப் பெண் டொச் மொழியில சொல்லுறா, ‘நான் ஒவ்வொரு நாளும் அழுறன். இவரை வெளியில இருக்கச் சொல்லுங்கோ.’ அவ டொச் சோதினை பாஸாம். அவர்தான் ரெண்டு தரம் ஃபெயில்.”

“ஐயோ!”

“அரை மணித்தியாலம் தனியக் கதைச்சவ. மனநல ஆலோசனைக்கு நாள் குறிச்சு டெர்மினும் தானே எடுத்தவ. வெளியில நிண்டவர் என்னட்டை ரகசியமாக் கேக்கிறார், உள்ளுக்கு என்ன சொன்னவ எண்டு.”

“நீங்கள்?”

“அவவிட்டையே கேளுங்கோ எண்டன். அப்பிடியும் ஒரு வழி இருக்கோ எண்ட மாதிரி முழிச்சார்.”