பனிக்கட்டியில் வந்த தாய்ப்பால்

தலைமை ஏற்றிருக்கும் பச்சிளங்குழந்தைப் பிரிவின் மருத்துவர் அம்மையார் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! மடியிலும் தோளிலும் பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே! இடம் கிடைக்காமல் சுவரோரம் நின்றாலும் முகம் கோணாத தந்தையர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

தாய்ப்பால் வங்கியைத் திறக்கும் நாளில் பத்திரிகைக்காரனுக்கு என்ன வேலை? எனக்கு மருத்துவம் தெரியாது. இந்த மேடைக்குப் பின்னால் இருக்கும் தாழ்வாரத்தில் பல வருடங்களுக்கு முன்பு பார்த்ததைச் சொல்லத் தெரியும்.

இன்று அங்கே பளபளக்கும் தரை. அன்று ஆட்டம் காணும் மர பெஞ்சுகள், பினாயில் வாசனை, சவரம் செய்யாத அப்பாக்கள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வெதுவெதுப்பான பெட்டிக்குள் என் அக்காள் மகள். மாதம் நிறையாமல் பிறந்தவள். உள்ளங்கை அளவு உடம்பு! உறிஞ்சத் தெரியாத உதடு! உணவு போக ஒரு மெல்லிய குழாய்! பெற்றவளோ, அறுவைக் காயம் ஆறாமல், பிரசவம் நடந்த சிறிய மருத்துவமனையிலேயே படுத்திருந்தாள்.

மாவுப்பால் கொடுத்துப் பார்த்தார்கள். வயிறு உப்பியது. மருத்துவர் எங்களை அழைத்தார். "குடல் இன்னும் பக்குவப்படல. அம்மா பால்தான் அதுக்குத் தாங்கும், நோய் தொத்தாமலும் காக்கும். சொட்டுச் சொட்டா இருந்தாலும் கொண்டாங்க."

கொண்டுவரப் போனவர் என் அத்தான். ஐஸ் கம்பெனியில் வேலை. 'பனிமலை' என்பது கூட்டாளிகள் வைத்த பெயர். பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்தபடி பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்தார். நர்ஸ் திறந்து பார்த்தார்.

"என்னண்ணே, பால் சுடுது?"

"சுத்தி வெந்நீர் ஊத்தியில்ல கொண்டாந்தேன்! வழியெல்லாம் சூடு குறையல பாருங்க."

"அதனாலதான் கெட்டுப்போச்சு. ஐஸ்ல வெச்சுக் கொண்டாரக் கூடாதா? எங்க வேலை பாக்குறீங்க?"

அத்தான் தலையைச் சொறிந்தார். "ஐஸ் கம்பெனியில."

நீங்கள் சிரிப்பதுபோலத்தான் அன்று பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"அது மீனுக்கு வைக்கிறதும்மா. குளிரு தாங்க மாட்டாள்னுதானே எம்புள்ளைய பொட்டிக்குள்ள வெச்சிருக்கீங்க? அவளுக்கு ஐஸ்ல வெச்ச பாலா?"

சிரிப்பு நின்றது. நர்ஸின் குரலும் தணிந்தது. "புள்ளைக்குத்தாண்ணே சூடு வேணும். பாலுக்குக் குளிர்தான் வேணும். குடுக்கும்போது நாங்க இதமாக்கிக்குவோம்."

வெறும் பிளாஸ்க்கோடு அக்கா இருந்த மருத்துவமனைக்குத் திரும்பினோம். "குடிச்சாளா?" என்றாள் அக்கா. அத்தான் சுவரைப் பார்த்தார். "கொட்டிட்டாங்களா?" என்றாள். எத்தனை வலியோடு பிழிந்த பால்! அழுவாள் என்று நினைத்தேன். "நிக்கிறியே, கிண்ணத்தை நல்லாக் கொதிக்க வெச்சு எடுத்துட்டு வாடா" என்றாள் என்னிடம். அதுதானய்யா தாய்!

பிறகு பார்க்க வேண்டுமே எங்கள் பனிமலையை! மரப்பெட்டி, மரத்தூள், ஈரம் புகாமல் மூடிய பாட்டில், அதைச் சுற்றி இடைவெளியே இல்லாமல் பொடித்த ஐஸ். நர்ஸ் பாட்டிலைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார். குழாய் வழியே சில துளிகள் இறங்கின. காத்திருந்தோம்.

யாரோ கேட்கிறீர்கள், "பிள்ளை என்ன ஆச்சு?" நாங்களும் அதைத்தான் கேட்டோம், வாய் திறக்காமல்! கதவு திறந்தது. "வயிறு மெத்துன்னு இருக்குண்ணே" என்றார் நர்ஸ். அத்தான் ஐஸ் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

தாய்ப்பால் மந்திரமா? இல்லை. மருந்தும் இருந்தது, மருத்துவரும் இருந்தார். ஆனால் பக்குவப்படாத குடலுக்குப் பகை ஆகாத உணவு அதுதான். துளி கூடியது, எடை கூடியது. காயம் ஆறி அக்கா வந்தாள். பெட்டியிலிருந்து பிள்ளையை எடுத்து அவள் மார்பில் கிடத்தினார்கள். தேடினாள்; தடுமாறினாள்; பற்றிக்கொண்டாள்! "கடிக்கிறா கழுதை" என்று அக்கா சிரித்தாள். அத்தான் இன்று இல்லை. அந்தக் 'கழுதை' இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இறங்கினால் நான் செய்தியாளன் இல்லை. அடுத்த பெட்டியில் ஒரு பையன். அவன் தாய் கண் விழிக்கவே இல்லை. அக்காவுக்குப் பால் பெருகியது. "அவனுக்கும் குடுக்கட்டுமா டாக்டர்?" என்றாள். "பரிசோதிச்சு, பதப்படுத்திக் குடுக்க இங்க வசதி இல்லம்மா" என்றார் மருத்துவர். அக்கா பால் கசிந்து நனைந்த சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பினாள். நாங்கள் பிள்ளையோடு வீட்டுக்குப் புறப்பட்ட அன்று அவன் பெட்டி காலியாக இருந்தது.

கொடுக்க மனம் இருந்தது. கொள்ள வாய் இருந்தது. இடையில் ஓர் அறை இல்லை! அந்த அறையைத்தான் இன்று திறக்கிறோம். தாய்மார்களே, உங்கள் பிள்ளை பசியாறிய பிறகு மிஞ்சுவது மிச்சமல்ல. முகம் தெரியாத ஒரு பிள்ளையின் மூச்சு! கொடுங்கள். தந்தையர்களே, சுமந்து வாருங்கள். குளிர வைத்து!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், உள்ளே பெட்டிகளில் உறங்கும் சின்னஞ்சிறு உயிர்களுக்கும் நன்றி கூறி, கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்.