பறிபோன மூன்று டம்ளர்

அநியாயம் நடந்தது ஆஸ்பத்திரி வார்டில், ஐந்தாம் கட்டில் தையல்காரம்மாவுக்கு. ஒரு நாளைக்கு என்று அவருக்கு அளந்து கொடுத்த எட்டு டம்ளர் தண்ணீரில் மூன்றைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதோடு விடாமல், தண்ணீர் திருடி என்ற பட்டத்தையும் கட்டிவிட்டார்கள்.

"சும்மா சொல்லலீங்க. 'பாத்ரூம் குழாயில குடிச்சீங்களாம்மா'ன்னு மூஞ்சிக்கு நேரா கேக்கறா. யாரு, தினம் எடை பாக்க வர்ற அந்தத் தராசு சிஸ்டர். குழாயில வாய வச்சுக் குடிக்க நான் என்ன ஆடா மாடா?"

கேட்டுக்கொண்டிருந்தவர் ஆறாம் கட்டிலுக்கு நேற்று வந்த தபாலாபீஸ் அம்மா. மூக்கையும் வாயையும் மூடி ஆக்ஸிஜன் மாஸ்க். இன்று முழுக்கப் பேசவே கூடாது என்று உத்தரவு வேறு. தையல்காரம்மாவுக்கு இதைவிடத் தோதான துணை எங்கே கிடைக்கும்?

"கேளுங்க. திங்கக்கிழமை வந்தப்ப அறுபத்தெட்டு கிலோ. காலெல்லாம் நீர் கோத்துக்கிட்டு, விரல வச்சு அமுக்கினா குழி அப்படியே நிக்கும். இதயத்துக்கு ரத்தத்தத் தள்ள வலு இல்லையாம். அறுபத்தாறுக்கு இறங்கினா வீட்டுக்குப் போகலாம்னு டாக்டர் சொன்னாரு. சரின்னு பல்லக் கடிச்சுக்கிட்டு உப்பில்லாமத் தின்னேன், எட்டு டம்ளருக்கு மேல ஒரு சொட்டு தொடல. புதன்கிழமை அறுபத்தாறரை. வியாழக்கிழமை காலையில ஏறறேன்... அறுபத்தேழு எழுநூறு. ராவோட ராவா ஒரு கிலோ இருநூறு. எங்கேருந்துங்க வரும்?"

தபாலாபீஸ் அம்மா புருவத்தை உயர்த்தினார்.

"அதேதான் நானும் கேட்டேன். ஒரே நாள்ல ஒரு கிலோ ஏறினா அது சதை இல்லம்மா, தண்ணிதான்னுட்டா. எட்டு டம்ளர் அஞ்சாச்சு. நீர் பிரியற மாத்திரை ஒண்ணு ரெண்டாச்சு. மூணு நாளா கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நான் நடந்த நடையில பக்கத்து ஊருக்கே போய்ச் சேர்ந்திருப்பேன். நாக்கு ஒட்டிக்குது. இன்னிக்கு எழுந்து நிக்கறேன், செவுரு ஒரு பக்கம் போகுது, நான் ஒரு பக்கம் போறேன். இவ்வளவுக்கும் அறுபத்தாறு அறுநூறாம். மாத்திரைய இன்னும் கூட்டலாமான்னு டாக்டரக் கேக்கப் போயிருக்கா."

சிஸ்டர் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். இதயம் தளர்ந்தவர்களுக்குத் திடீரென்று எடை ஏறினால் உடனே கவனிக்கச் சொல்லித்தான் பாடமே. ஆனால் 'குடித்தாயா' என்று கேட்க வாய் வந்தவளுக்கு, வேறு ஒரு கேள்விகூடவா தோன்றவில்லை?

"நீங்களே சொல்லுங்க, முப்பது வருஷம் பார்சல் நிறுத்தவங்க. மெஷின்ல கோளாறு இருக்கலாமா இல்லையா? தலையாட்டறீங்களே, அது ஆமாவா இல்லையா? சரி, எதுவானா என்ன. நான் மெஷின்ல ஏறற சுத்தம் யாருக்கு வரும்? செருப்பு கிடையாது, வளையல் கிடையாது, கொண்டை ஊசியக்கூட கழட்டிடறேன். அரை இஞ்சு பிசகினாலே சட்டையப் பிரிச்சுத் தைக்கறவ நான்.

"எனக்கென்ன இவ்வளவு அவசரம்னு பாக்கறீங்க."

தபாலாபீஸ் அம்மா சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் என் நாத்தனாராலதான். வர்ற திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது, முப்பது பிள்ளைங்க யூனிஃபார்ம் வெட்டாமக் கிடக்கு. நான் படுத்ததும் 'அண்ணி, கடைய நான் பாத்துக்கறேன்'னு கிளம்பிட்டா. அவ வெட்டின சட்டையில ஒரு கை முழங்கையோட நிக்கும், இன்னொரு கை விரல் நுனியத் தாண்டும். இருபது வருஷமா சேர்த்த பேரு ஒரே வாரத்துல காத்தோட போயிடும். ஆனா அவளால ஒரு துண்டு வெட்ட முடியாது, தெரியுமா? 'அத்தை சாவி கேக்குதும்மா'ன்னு பொண்ணு வந்து சொன்னா. அடியே, சாவிக்கொத்தையும் பெரிய கத்திரியையும் இங்க கொண்டாந்துடுன்னேன். கத்திரி வார்டுக்குள்ள வரக் கூடாதாம், பாத்தா பிடுங்கிடுவாங்க. தலகாணிக்கு அடியில வச்சா படுக்கை மாத்தறப்ப மாட்டிக்கும். நான் விடுவேனா? பழைய துணியில பை தைச்சு இடுப்புல கட்டி, மேல கவுனப் போட்டுட்டேன். தூங்கறப்பகூட அவுக்கறதில்ல."

பெருமையோடு இடுப்பைத் தட்டினார். இரும்பு குலுங்கியது.

தபாலாபீஸ் அம்மா மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கைகாட்டினார்.

"என்னிக்குக் கட்டினேன்னா? புதன்கிழமை சாயந்திரம். அதுக்கு மறுநாள் காலையிலதான் அந்தப் பாழாப்போன மெஷின்..."

வாய் அப்படியே நின்றது. வார்டுக்கு வந்ததிலிருந்து அது தானாக நின்றது இதுதான் முதல் தடவை.

"ஏங்க... கொண்டை ஊசி என்ன எடை இருக்கும்?" என்றார், குரல் இறங்கி. பிறகு அவசரமாக, "வெளிய சொல்லிடாதீங்க. கத்திரி போச்சுன்னா நேரா நாத்தனார் கைக்குத்தான் போகும். நான் மாத்திரையவே முழுங்கித் தொலைக்கறேன். செவுருதானே நகருது, நகர்ந்துட்டுப் போகட்டும்."

அதற்குள் சிஸ்டரே வந்துவிட்டாள். கையில் ஒரு கிண்ணம், அதில் மூன்று மாத்திரை. தையல்காரம்மா கவுனை இழுத்துவிட்டுக்கொண்டு, நல்ல பிள்ளையாகக் கையை நீட்டினார்.

தபாலாபீஸ் அம்மா மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார்.

"மாத்திரை இருக்கட்டும் சிஸ்டர். பார்சலப் பிரிச்சுட்டு நிறுங்க. உள்ள இருக்கறவங்க நேத்தே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவங்க."