ஃபின்பாரு இன்னைக்கு ரோமுக்குக் கெளம்பணும்

ஐயோ, பூட்ஸைக் கழட்டாதேம்மா. இந்தத் தரை பாக்காத சேறா? அப்படியே உக்காரு. டீ சூடா இருக்கு, ஊத்திக்கோ. அவரு திரும்பி வர்றதுக்குள்ள உன்கிட்ட நாலு வார்த்தை பேசிடணும். டெர்வ்லாதானே உன் பேரு? பண்ணைக்கு மாத்தாள் அனுப்பற சங்கத்துலேருந்து போன்ல சொன்னாங்க. நான் நோரீன். இப்ப வாசல் முத்தத்துல உன்னை மேலயும் கீழயும் பாத்துட்டு ஒண்ணும் பேசாமப் போனாரே, அவருதான் எங்க வீட்டுக்காரரு, ஃபின்பாரு. தப்பா எடுத்துக்காதே. அவரு ஒண்ணும் சொல்லலைன்னா உன்னைப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். உனக்கு முன்னாடி வந்தவனை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாரு. என்ன தப்பு பண்ணினான்ங்கிறே? வெள்ளை ஷூ போட்டுட்டு வந்தான். இவன் மாட்டைப் பாக்க மாட்டான், ஷூவைத்தான் பாத்துட்டு நிப்பான்னுட்டாரு. அதுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தாரு, தங்கமான மனுஷன், ஆனா கறக்கும்போது பாட்டுப் பாடுவேன்னு சொல்லித் தொலைச்சாரு. அதோட சரி. உன்னை விட்டா எனக்கு வேற ஆளில்லம்மா.

அதனால ஒரே ஒரு உதவி. அவரு மறுபடி உள்ள வருவாரு, பாரு. வந்து ஏதாவது சொல்லுவாரு. எது சொன்னாலும் தெரியும்னு சொல்லு. சந்தேகம் எதுவும் கேட்டுடாதே. ஒண்ணு கேட்டேன்னு வை, அவ்வளவுதான், கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, நோரீன், நீ உன் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போயிட்டு வான்னுடுவாரு. ரெண்டு மணிக்கு நாங்க கார்ல ஏறியாகணும். சாயங்காலம் டப்ளின்ல விமானம். இன்னைக்கு இந்த மனுஷன் இந்த முத்தத்தைத் தாண்டலைன்னா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியலை.

சிரிக்காதே, நெஜமாத்தான் சொல்றேன். கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு சனி ஞாயிறு நாங்க வெளியில தங்கினதில்லை. தேனிலவுக்குக் கில்லார்னி போனோம். ஒரு ராத்திரி. மறுநாள் காலையில கன்னு போடற மாடு ஒண்ணு இருக்குன்னு திரும்பி வந்துட்டோம். உனக்குத் தெரியாததா? காலையில கறக்கணும், சாயங்காலம் கறக்கணும், கிறிஸ்துமஸ்னாலும் மாடு கேக்குமா? என் தங்கச்சி அசம்ப்டா கோர்க் டவுன்ல இருக்கா. அவ ப்ராக்குங்கிறா, பார்சிலோனாங்கிறா, கடைக்குப் பால் வாங்கப் போறவ மாதிரி வெள்ளிக்கிழமை போயிட்டுத் திங்கக்கிழமை வந்து நிப்பா. எனக்குப் பொறாமையெல்லாம் இல்லை. பால் எங்க வீட்லயே இருக்கே, நான் எங்க போறதுன்னு சொல்லுவேன்.

ரோம் ஏன்னு கேக்குறியா? வேற எந்த ஊரைச் சொன்னாலும் வரமாட்டாருன்னுதான். பாரிஸ்னு சொல்லிப் பாத்தேன், அங்க நமக்கு யாரு இருக்கான்னாரு. ரோம்னதும் வாய் அடைச்சுப் போச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் போப்பு ஜன்னல்ல வந்து நின்னு ஆசீர்வாதம் பண்ணுவாரு, நேர்ல பாக்கலாம்னு சொன்னேன். இந்த ஊர்ல பொறந்து வளந்தவரு, ஞாயிறு பூசை தவறாதவரு, அதுக்கு மாட்டேன்னு எப்படிச் சொல்லுவாரு? பேசாம இருந்தாரு. அந்தப் பேசாம இருந்த ஒரு நிமிஷத்துல என் அண்ணன் பொண்ணு க்ரோன்யாவை உக்கார வச்சு டிக்கெட்டைப் போட்டுட்டேன். பணம் திரும்ப வராத டிக்கெட்டாப் பாத்துப் போடுடீன்னேன். எல்லாரும் திரும்ப வர்றதைத்தான் கேப்பாங்க அத்தைங்கிறா. எனக்கு வராததுதான் வேணும், போடுன்னேன்.

அப்புறம் பட்ட பாடு இருக்கே. பாஸ்போர்ட்டுக்கு மெக்ரூம் மருந்துக்கடையில போட்டோ எடுக்கப் போனோம். அந்தப் பொண்ணு, சிரிக்கக் கூடாதுங்கன்னா. அவருக்கு அதுல ஒரு கஷ்டமும் இல்லை. பெட்டி இவ்வளவுதான் கொண்டு போகலாம், பாரு, இந்த அளவு. அதுல ரெண்டு சட்டை, ஒரு கோட்டு. நேத்து தொறந்து பாக்குறேன், சட்டையை எடுத்துட்டு டீத்தூள் பாக்கெட்டும் பன்றிக்கறித் துண்டும் வச்சிருக்காரு. ரோம்ல சாப்பாடு கிடைக்குங்கன்னேன். எத்தனை மணிக்குன்னாரு. ராத்திரி ஒம்போது மணிக்கு மேலதான் சாப்பிடுவாங்களாம்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அப்ப அவங்க மாட்டை யாரு கறக்குறாங்கன்னு கேட்டாரும்மா. ஓட்டல் ரயிலடிக்குப் பக்கத்துல. ஜன்னலைத் தொறந்தா என்ன தெரியும்னாரு. எதிர்த்த வீட்டு ஜன்னல் தெரியும்னேன். அதுக்கா இவ்வளவு தூரம்னாரு. ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். முதுகு வலிங்கிறாரு, மழை வரப்போகுதுங்கிறாரு. நான் எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுட்டே இருக்கேன்.

பிடிவாதமெல்லாம் முன்னாடி கிடையாதும்மா. முன்னாடி நல்ல கலகலப்பான ஆளு. ஹர்லிங் ஆட்டம் பாக்கப் போனா இவர் சத்தம் அந்தக் கோடிக்குக் கேக்கும். எல்லாம் மாட்டுக்கு டிபி இருக்கான்னு பாத்த அந்த டெஸ்ட்டுலேருந்துதான். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டு டாக்டர் வந்து ஒவ்வொரு மாட்டுக்கும் கழுத்துல ஊசி போட்டுட்டுப் போனாரு, மூணாம் நாள் வந்து தடவிப் பாத்தாரு. இவரு பக்கத்துலயே நின்னு டாக்டர் விரலையே பாத்துட்டு இருந்தாரு. பதினோரு மாட்டுக்குக் கட்டி வீங்கியிருந்துச்சு. அந்தப் பதினொண்ணையும் வெட்டக் கொண்டு போயாச்சு. அன்னைலேருந்து மனுஷன் தூங்கறதில்லை. தட்டை எடுத்துட்டு நின்னுட்டே நாலு வாய் போடுறாரு. கறந்து முடிச்சதும் உள்ள வர்றதில்லை. கொட்டகையில ஒரு வாளியைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்திருக்காரு. என்னங்க பண்றீங்கன்னா, ஒண்ணுமில்லைங்கிறாரு. ஒண்ணுமில்லைன்னு சொல்ற ஆம்பளையை எப்படி விசாரிக்கிறது?

மலைக்கு அந்தப் பக்கம் இவரோட பெரியப்பா பையன் இருந்தான், மார்ட்டின். கேள்விப்பட்டிருப்பே. ஆமா, அவன்தான். அங்கயும் டிபிதான், மந்தை மொத்தமும் வெட்டுக்குப் போகணும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ஒவ்வொரு மாட்டையும் அவனே தட்டிக் குடுத்து லாரியில ஏத்தினான். ஏத்திட்டு முத்தத்தைக் கழுவி விட்டான். லாரிக்காரனுக்கு டீ போட்டுக் குடுத்தான். எவ்வளவு தைரியமா இருக்கான் பாருன்னு எல்லாரும் பேசிக்கிட்டோம். அந்த வாரம் முடியறதுக்குள்ள அவனை அடக்கம் பண்ணினோம். சவப்பெட்டியைத் தூக்கினவங்கள்ல இவரும் ஒருத்தரு. வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கிட்டே சொன்னாரு, அவன் மேல எனக்கு ஆச்சரியமே இல்லை நோரீன், அப்படின்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. மறுநாளே நான் ஒரு வேலை பண்ணினேன். காக்கா விரட்டறதுக்குன்னு ஒரு துப்பாக்கி இருந்துச்சு வீட்ல. ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்னு சொல்லி என் தம்பி வீட்டுக்கு அனுப்பிட்டேன்.

இரு, வர்றாரு.

வாங்க, வாங்க! டெர்வ்லாகிட்டதான் பேசிட்டு இருக்கேன். நாலு பெரிய பண்ணையில கறந்திருக்காளாம், நம்மளது அவளுக்கு விளையாட்டு. ஆமா, அதையும் சொல்லிட்டேன். எடது பக்கம் ஓரத்துல நிக்கறவ உதைப்பா, தெரியுமாம். இல்லைங்க, காம்பைத் துடைக்கிறதுக்குத் துணி எங்க இருக்குன்னு காட்டிட்டேன். கடைசிக் கதவா? நீங்களே ஒரு தடவை பாத்துட்டு வந்துடுங்களேன், அப்பத்தான் உங்களுக்கு நிம்மதி. அந்த டை நல்லா இருக்கு. நெஜமாத்தான். போயிட்டு வாங்க, நான் பெட்டியைக் கார்ல வைக்கிறேன்.

போயிட்டாரா? பாத்தியா, டை கட்டியிருக்காரு! விமானத்துக்கு டை கட்டியிருக்காரும்மா. கெளம்பிடுவாரு. எனக்கு இப்பத்தான் நம்பிக்கை வருது.

என்ன? தீவனமா?

பாத்துட்டியா நீ. கண்ணு நல்ல கண்ணுதான் உனக்கு. ஆமா, தொட்டியில அடிமட்டத்துலதான் கிடக்கு. இன்னைக்குச் சாயங்காலத்துக்கும் நாளைக்குக் காலையில கறக்கும்போது போடறதுக்கும் சரியா வரும். அதுக்கு மேல வராது. அவரும் கேட்டாரு. நாளைக்குச் சனிக்கிழமை லாரி வருதுன்னு சொல்லி வச்சிருக்கேன். லாரி வரும். அது தீவன லாரி இல்லை.

உக்காரு, எந்திரிக்காதே. நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், டாக்டரும் ஆளுங்களும் வருவாங்க, அவங்களே ஏத்திக்குவாங்க. மிச்சம் இருக்கற எல்லாத்தையும்தான். ஆறு வாரம் முன்னாடி மாட்டு ஆபீஸ்லேருந்து எனக்குப் போன் வந்துச்சு, எங்க மந்தையும் மொத்தமாப் போகணும்னு. மந்தை ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, நான் கையெழுத்துப் போட்டாப் போதும்னாங்க. போட்டேன். அவருக்குத் தெரியாது. அடுத்த மாசம் இன்னொரு டெஸ்ட் இருக்கு, அதுல தப்பிச்சிரும்னு நெனைச்சுட்டு இருக்காரு. சனிக்கிழமை வந்து எடுங்கன்னு அந்த ஆபீசர்கிட்ட அழுதேன்மா, போன்லயே. வாரக்கடைசியில வர்றதில்லையேன்னாரு. ஏன்னு சொன்னேன். சரின்னுட்டாரு. லாரி வர்ற நேரத்துக்குன்னு பாத்து ரோம்ல பூமிக்கு அடியில இருக்கற பழைய கல்லறைகளைப் பாக்க டிக்கெட் எடுத்திருக்கேன். மொதல் தடவை ரோமுக்குப் போறீங்க, மேல வெளிச்சத்துல எவ்வளவு இருக்கு, குழிக்குள்ள எதுக்குப் போறீங்கன்னா க்ரோன்யா. அங்க போன் எடுக்காதாம். அதுக்குத்தான்.

ஊருக்கெல்லாம் தெரியும். நானே வீடு வீடாப் போய்ச் சொன்னேன். எங்க ஊர் ஜனங்க, உனக்குத் தெரியாது, ஒருத்தன் தும்மினா மறுநாள் கோர்க்ல விசாரிப்பாங்க. இதுல ஒருத்தர் வாய் தொறக்கலை. போன ஞாயிறு பூசை முடிஞ்சதும் வாசல்ல எல்லாருமா இவரைச் சுத்தி நின்னு ரோம்ல வெயில் எப்படி இருக்கும், என்ன சட்டை போடப் போறேன்னு கிண்டல் பண்ணிட்டு இருந்தாங்க. ரொம்ப நாள் கழிச்சு அன்னைக்குத்தான் கொஞ்சம் சிரிச்சாரு. நான் போய்க் கார்ல உக்காந்துட்டேன்.

எப்பச் சொல்லுவேன்னு தெரியலை. திங்கக்கிழமை திரும்பி வர்ற வழியில சொல்லணும். என்னை மன்னிப்பாரான்னா, மாட்டாரு. நான் பண்றது சரியா தப்பான்னு என்னைக் கேக்காதே. மன்னிக்காட்டிப் போகட்டும். மன்னிக்காம இருக்கறதுக்காவது மனுஷன் உசுரோட இருக்கணுமில்ல?

கண்ணைத் தொடச்சுக்கோ, அவரு பாத்துருவாரு. நாளைக்குக் காலையில கறந்துட்டா உன் வேலை முடிஞ்சுது. ஆனா எனக்காக நாளைச் சாயங்காலமும் ஞாயித்துக்கிழமைச் சாயங்காலமும் அஞ்சரை மணிக்கு ஒரு நடை வந்துட்டுப் போ. கறக்க ஒண்ணும் இருக்காது. கறக்கற மெஷினை மட்டும் ஓட விடு, அந்தச் சத்தம் போதும். அவரு போன் பண்ணுவாரு. மாடெல்லாம் நல்லா நிக்குதான்னு கேப்பாரு, நிக்குதுன்னு சொல்லு. அதை அவரு நம்ப மாட்டாரு. போனைக் கொஞ்சம் மெஷின் பக்கத்துல பிடிம்மா.